முகத்துக்கு என்ன பூசலாம் என்று கேட்கும் சால்ட் லேக் பிள்ளைகளுக்கு

செக்டர் ஃபைவில் வேலை, கருணாமயி பக்கத்தில் பி.ஜி. அல்லது நாலு பேர் சேர்ந்து எடுத்த ஃபிளாட் என்று காலம் தள்ளும் தமிழ்ப் பிள்ளைகளே,

இந்த ஊருக்கு வந்து ஒரு கோடையைத் தாண்டுவதற்குள் உங்களில் பாதிப் பேர் என்னிடம் இந்தக் கேள்வியைக் கேட்டுவிடுகிறீர்கள்: "ஆன்ட்டி, எனக்கு ஆயிலி ஸ்கின்னா, டிரை ஸ்கின்னா? எந்த க்ரீம் போட்டா சரியா வரும்?" பொங்கல் விழாவில் கேட்டவர்கள் உண்டு. லிஃப்ட்டில் கேட்டவர்கள் உண்டு. சி.கே. மார்க்கெட்டில் நான் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருக்கும்போது கன்னத்தைத் திருப்பிக் காட்டியவர்களும் உண்டு. ஆளாளுக்கு அரைகுறையாகப் பதில் சொல்வதைவிட எல்லோருக்கும் சேர்த்து எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் தோல் டாக்டர் இல்லை. மருந்து ஆலையின் தரப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். டியூபின் முன்பக்கத்தில் சிரிக்கும் பெண்ணின் கன்னத்தைவிட, பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும் சமாச்சாரத்தைப் படித்துப் பழகியவள். இந்த மடலும் அந்தப் பின்பக்கத்தைப் பற்றியதுதான். ஆனால் நீங்கள் கேட்ட கேள்வியை முதலில் முடித்துவிடுவோம், அது சின்ன விஷயம்.

எண்ணெய்ச் சருமம், வறண்ட சருமம், இரண்டும் கலந்தது, சாதாரணம் என்று முகத்தைப் பங்கு பிரிக்கும் பழக்கம் மருத்துவக் கல்லூரியில் பிறக்கவில்லை. சுமார் நூறு வருஷத்துக்கு முன்னால் அழகு சாதன வியாபாரத்தில் கொடிகட்டிப் பறந்த ஹெலினா ரூபின்ஸ்டீனின் பெயரைத்தான் இதற்குச் சொல்வார்கள். ஒரே க்ரீமை எல்லோருக்கும் விற்பதைவிட நாலு விதமாக விற்றால் லாபம்தானே! அதற்காக அந்தப் பிரிவு பொய் என்று ஆகிவிடாது. தோலுக்குள் எண்ணெய்ச் சுரப்பிகள் இருக்கின்றன. நெற்றி, மூக்கு, தாடை இந்த மூன்று இடத்தில் அதிகம், கன்னத்தில் குறைவு. எவ்வளவு சுரக்க வேண்டும் என்பதைப் பரம்பரையும் ஹார்மோனும் முடிவு செய்கின்றன. இருபது வயதில் வழிவது வயது ஏற ஏறக் குறையும்.

உங்களுடையது எது என்று பார்க்கக் காசு செலவில்லை. காரம் இல்லாத ஃபேஸ்வாஷால் முகத்தைக் கழுவி, துண்டால் ஒற்றி எடுத்துவிட்டு, எதுவும் பூசாமல் ஒரு மணி நேரம் ஃபேனுக்குக் கீழே உட்காருங்கள். ஏ.சி. வேண்டாம். பிறகு ஒரு டிஷ்யூ தாளை நெற்றி, மூக்கு, கன்னம் என்று ஒவ்வொன்றிலும் அழுத்திப் பாருங்கள். எல்லா இடத்திலும் எண்ணெய்த் திட்டு தெரிந்தால் எண்ணெய்ச் சருமம். நெற்றியிலும் மூக்கிலும் மட்டும் தெரிந்தால் கலப்பு. எங்கும் தெரியாமல் முகம் இழுத்துப் பிடித்தாற்போல இருந்தால் வறட்சி. இதே சோதனையை மே மாதம் ஒருமுறையும் ஜனவரி மாதம் ஒருமுறையும் செய்யுங்கள். இரண்டு பதில் வந்தால் ஆச்சரியப்படாதீர்கள். இந்த ஊரில் முக்கால்வாசிப் பேருக்கு அப்படித்தான் வரும்.

நம் ஆட்கள் குழம்புகிற இடம் ஒன்று உண்டு. எண்ணெய் வேறு, ஈரம் வேறு. தோலின் மேல் அடுக்கு ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு கனம்தான் இருக்கும். செத்த செல்களும் அவற்றுக்கு நடுவே கொழுப்புமாக இருக்கும் அந்தப் படலம்தான் உடம்பின் ஈரம் வெளியே போகாமல் தடுக்கிறது. அது கொஞ்சம் புளிப்புத் தன்மை உள்ளது, பி.எச். கணக்கில் 5-ஐ ஒட்டி. சாதாரணக் குளியல் சோப்போ 9, 10 என்று காரம். எண்ணெய் வழிகிறதே என்று ஒரு நாளைக்கு நாலு தரம் சோப்புப் போட்டுத் தேய்த்தால் சுரப்பி அசராது, படலம்தான் கிழியும். அப்புறம் மூக்கில் எண்ணெய் வழிந்துகொண்டிருக்கும்போதே கன்னம் எரியும். "எனக்கு ஆயிலி, மாய்ஸ்சரைசர் வேண்டாம்" என்பவர்களில் பலர் இந்தக் கோஷ்டி. எண்ணெய்ச் சருமத்துக்கும் ஈரம் காக்கும் பூச்சு வேண்டும். பிசுபிசுக்காத ஜெல்லாக இருந்தால் போதும்.

இப்போது ஊர் விஷயத்துக்கு வருகிறேன். 1960-களில், முதல்வராக இருந்த பிதான் சந்திர ராயின் திட்டப்படி ஹூக்ளி ஆற்று வண்டலைக் குழாய் வழியாகக் கொண்டுவந்து உப்பு ஏரிச் சதுப்பை மேடாக்கி எழுப்பிய நகரம் இது. வரைபடம் போட்டவர் யூகோஸ்லாவியாக்காரர் தோஷ்கோவிச். கிழக்கே இன்னும் ஈரநிலம் பரந்து கிடக்கிறது. ஏப்ரலில் ஆரம்பித்தால் அக்டோபர் துர்கா பூஜை வரைக்கும் காற்றில் தண்ணீர் தொங்கிக்கொண்டிருக்கும். சென்னையும் புழுங்கும்தான், ஆனால் அங்கே சாயங்காலம் கடல் காற்று வரும். இங்கே காலேஜ் மோடில் பஸ்ஸுக்கு நிற்கும்போது சட்டை முதுகில் ஒட்டுவதும், ஐந்து நிமிஷத்தில் ஆபீஸுக்குள் போய் ஒன்பது மணி நேரம் ஏ.சி.யில் காய்வதும் ஒரே நாளில் நடக்கிறது. வெளியே வேர்க்குரு, உள்ளே வறட்சி. வேர்க்குருவை இங்கே கமாச்சி என்பார்கள், கடையில் அப்படிக் கேட்டால் உடனே பவுடர் டப்பாவை நீட்டுவார்கள். பவுடரை வியர்வையோடு சேர்த்து அப்பினால் துவாரம் இன்னும் அடைபடும். குளித்து, ஈரம் ஒற்றி, தளர்ந்த பருத்தித் துணி போட்டு, காற்றோட்டமாக இருப்பதுதான் அதற்கு முதல் வைத்தியம்.

நெற்றி முழுக்கப் பொடிப் பொடியாகப் பரு வந்து, "கொல்கத்தா தண்ணி ஒத்துக்கல" என்கிறீர்களே, தண்ணீர்மீது பழி போடுவதற்கு முன்னால் தலைக்கு என்ன தடவுகிறீர்கள் என்று பாருங்கள். ஊரிலிருந்து அம்மா கொடுத்தனுப்பிய செக்குத் தேங்காய் எண்ணெயைக் காலையில் வைத்துக்கொண்டு இந்தப் புழுக்கத்தில் கிளம்பினால் அது பத்து மணிக்கு நெற்றியில் இருக்கும். தலைமுடியின் ஓரத்தை ஒட்டியே பரு வருகிறது என்றால் எண்ணெய் மீதுதான் முதல் சந்தேகம். ராத்திரி தேய்த்துக் காலையில் அலசிவிடுங்கள், அம்மாவிடம் சொல்ல வேண்டியதில்லை.

டிசம்பர் பாதியில் நிலைமை தலைகீழ். இரவில் பதிமூன்று பதினான்கு டிகிரி, வறண்ட காற்று, தூசி. பெங்காலிகள் குரங்குக் குல்லாவும் போரோலினுமாக வெளியே வருவார்கள். போரோலின் இந்த ஊரின் சொத்து. 1929-இல் கௌர்மோகன் தத்தா ஆரம்பித்தது. பச்சை டியூப், யானைச் சின்னம். உதடு வெடிப்பு, குதிகால் பித்தவெடிப்பு, கை முட்டி இதற்கெல்லாம் நானும் அதைத்தான் போடுகிறேன். துத்தநாக ஆக்சைடும் லானோலினும் மெழுகுத் தன்மையும் அங்கே வேலை செய்யும். ஆனால் பக்கத்து வீட்டு மாஷிமா சர்வரோக நிவாரணி என்று சொல்வதை நம்பி, பரு வரும் முகத்தில் ராத்திரி முழுக்க அப்பிவிட்டுப் படுக்காதீர்கள். அதில் போரிக் ஆசிட் இருக்கிறது. கைக்குழந்தைக்குப் பூசுவதோ பெரிய புண்ணில் வழிய வைப்பதோ கூடாது. அதேபோல மொட்டை மாடி வெயிலில் கடுகெண்ணெய் தேய்த்துக் குளிப்பது இங்கத்தியக் குளிர்கால இன்பம். தோல் கனத்தவர்களுக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் கடுகின் காரம் மேல் படலத்தைச் சீண்டும் என்று ஆய்வுகள் சொல்கின்றன. கரப்பான் இருப்பவர்கள், எளிதில் சிவந்துபோகிறவர்கள் தள்ளி நிற்கலாம். அவர்களுக்குத் தேங்காய் எண்ணெய் மேல், அதுவும் உடம்புக்கு. கீஸரில் கொதிக்கக் கொதிக்கக் குளிப்பதை விட்டாலே குளிர்கால அரிப்பு பாதி போகும். குளித்துத் துவட்டிய சூட்டோடு, தோலில் ஈரம் இருக்கும்போதே, கிளிசரின் உள்ள லோஷனோ வாஸ்லினோ பூசிக்கொள்ளுங்கள். கிளிசரின் ஈரத்தை இழுத்து வைக்கும், வாஸ்லின் மூடி போடும்.

நலங்கு மாவு, கஸ்தூரி மஞ்சள் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். எண்ணெய்ச் சருமத்துக்கு வாரம் ஒருமுறை நைசாக அரைத்த பயத்தம் மாவு நல்லதுதான். வறண்ட முகத்தில் தினமும் தேய்த்தால் இன்னும் காயும். எலுமிச்சை, பேக்கிங் சோடா, பற்பசை மூன்றும் சமையலறையிலும் குளியலறை அலமாரியிலும் இருக்கட்டும். எலுமிச்சைச் சாறு பட்ட தோலில் வெயில் அடித்தால் கொப்புளித்துக் கறுத்துப்போகும்.

இவ்வளவுதான் வகை சமாச்சாரம். இனி நான் எழுத வந்தது.

கடைகளில் ஐந்தாவதாக ஒரு வகை சொல்வார்கள், சென்சிட்டிவ் ஸ்கின் என்று. எது பூசினாலும் எரிகிறது, வெயிலில் நின்றால் சிவக்கிறது, திடீர் திடீரென்று பரு. "எனக்குப் பிறவியிலேயே இப்படி ஆன்ட்டி" என்பீர்கள். பிறவியில் அப்படி இருப்பவர்கள் உண்டு. ஆனால் நான் அடுத்துக் கேட்பது ஒன்றுதான்: இந்த ஒரு வருஷத்தில் மருந்துக் கடையில் டியூப் ஏதாவது வாங்கிப் பூசினீர்களா? கொஞ்ச நேரம் மௌனம். அப்புறம் பையிலிருந்து நசுங்கிய அலுமினிய டியூப் ஒன்று வெளியே வரும்.

எப்படி வருகிறது என்பதையும் பார்த்திருக்கிறேன். மாத்திரை வாங்க நின்றுகொண்டிருந்தேன், கடை பெயர் வேண்டாம். நம் ஊர்ப் பையன்தான், கழுத்தில் ஆபீஸ் அடையாள அட்டை. அரைகுறைப் பெங்காலியில், "தாதா, முக் காலோ ஹோயே கேச்சே, ஏக்டா பாலோ க்ரீம்" என்றான், முகம் கறுத்துவிட்டது, நல்ல க்ரீமாக ஒன்று கொடுங்கள் என்று. கடைக்காரர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. கண்ணாடிப் பெட்டியிலிருந்து ஒரு சின்னப் பெட்டியை எடுத்து வைத்தார். "ராத்திரே லாகாபே. ஏக் ஹப்தா." ராத்திரியில் பூசு, ஒரு வாரம், அவ்வளவுதான். சீட்டு கேட்கவில்லை, ஏற்கெனவே என்ன போடுகிறாய் என்று கேட்கவில்லை. நூறு ரூபாய்க்கும் குறைவு. நான் அந்தப் பெட்டியை வாங்கித் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் மூன்று பெயர்: ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின், மொமெட்டசோன். ஓரத்தில் செங்குத்தாகச் சிவப்புக் கோடு. அந்தக் கோட்டுக்கு அர்த்தம், டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது.

முதலாவது நிறமியைத் தடுப்பது. இரண்டாவது தோலை உரித்துப் புதுப்பிப்பது. மூன்றாவது ஸ்டீராய்டு. அமெரிக்கத் தோல் மருத்துவர் க்ளிக்மன் 1975-இல் இதே கூட்டணியை, ஸ்டீராய்டு மட்டும் வேறாக, மங்கு என்று நாம் சொல்லும் கன்னக் கறுப்புக்கு வெளியிட்டார். டாக்டர் பார்வையில், சில வாரங்களுக்கு மட்டும், வெயில் படாமல் பூச வேண்டிய மருந்து அது. இங்கே அது தினசரி முக க்ரீமாகிவிட்டது. அதே 1975-இல்தான் ஹார்வர்டைச் சேர்ந்த ஃபிட்ஸ்பேட்ரிக் தோலை நிறத்தையும் வெயிலில் கறுக்கும் விதத்தையும் வைத்து எண் போட்டுப் பிரித்தார். அதே 1975-இல்தான் நம் நாட்டில் ஃபேர் அண்ட் லவ்லி கடைக்கு வந்தது. மூன்றும் ஒன்றோடொன்று பேசிக்கொண்டு வந்தவை அல்ல. ஆனால் உங்கள் கண்ணாடி முன்னால் மூன்றும் சேர்ந்துதான் நிற்கின்றன.

ஸ்டீராய்டைத் திட்டவில்லை. 1952-இல் சல்ஸ்பெர்கரும் விட்டனும் ஹைட்ரோகார்ட்டிசோனைத் தோலில் பூசிக் காட்டியபோது தோல் வைத்தியமே மாறிப்போனது. கரப்பானில் ரத்தம் வரச் சொறிந்துகொண்டிருந்தவர்கள் தூங்கினார்கள். எந்த ஸ்டீராய்டு, எவ்வளவு வீரியம், எந்த இடம், எத்தனை நாள் என்ற நாலு கணக்கும் சரியாக இருக்க வேண்டும். உள்ளங்காலுக்குப் போடுகிற வீரியத்தை முகத்துக்குப் போட முடியாது, முகத்துத் தோல் மெல்லிசு, மருந்தை மளமளவென்று குடித்துவிடும். முதல் வாரம் முகம் பளிச்சென்று ஆகும். சிவப்பு அடங்கும், பரு அமுங்கும், நிறம் ஒரு சுற்று வெளுக்கும். "தாதா கொடுத்த க்ரீம் சூப்பர்" என்று அறையில் இருக்கும் மற்ற மூன்று பேரும் வாங்குவார்கள். மாதக்கணக்கில் போட்டால் தோல் மெலிந்து ரத்த நாளங்கள் நூல் நூலாகத் தெரியும், பரு கொத்தாக வரும், பெண்களுக்குக் கன்னத்தில் ரோமம் அடர்த்தியாகும், வெயில் சுடும். பயந்துபோய் நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் முகம் தீயாக எரியும். எரிச்சல் தாங்காமல் மறுபடி அதே டியூப். ஒரு நாள் பூசாவிட்டால் இருக்க முடியாத நிலைக்கு முகம் வந்துவிடும்.

இதற்குப் பெயர் வைத்தவர்கள் இந்த ஊர் டாக்டர்கள் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். கொல்கத்தாவின் கௌஷிக் லாஹிரியும் அரிஜித் குண்டுவும் இதை ஸ்டீராய்டால் கெட்டுப்போன, ஸ்டீராய்டுக்கு அடிமையான முகம் என்று தனி நோயாகவே வரையறுத்து, டி.எஸ்.டி.எஃப். என்று சுருக்கி, 2016-இல் இந்தியன் ஜர்னல் ஆஃப் டெர்மட்டாலஜியில் விரிவாக எழுதினார்கள். 1955-லிருந்து கொல்கத்தாவில் வெளிவரும் இதழ் அது. லாஹிரி பங்குபெற்ற இன்னொரு ஆய்வு 2011-இல் வந்தது. முகத்தில் ஏதோ கோளாறு என்று நாட்டின் பல தோல் மருத்துவ மையங்களுக்கு வந்த 2,926 பேரை விசாரித்ததில் 433 பேர் ஸ்டீராய்டு பூசிக்கொண்டிருந்தார்கள், நூற்றுக்குக் கிட்டத்தட்ட பதினைந்து. அதில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு அதைச் சொன்னவர் டாக்டரே இல்லை. கடைக்காரர், தோழி, பார்லர், பக்கத்து வீடு. இந்தியத் தோல் மருத்துவர் சங்கம் இதற்கென்று தனிக் குழு அமைத்துப் போராடியது. 2018 மார்ச்சில் மத்திய சுகாதார அமைச்சகம் 14 ஸ்டீராய்டு பூச்சு மருந்துகளைச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில், அதாவது அட்டவணை எச்-இல், சேர்த்தது. சட்டம் வந்துவிட்டது. கடைக்காரர் தலை நிமிராமல் எடுத்துக் கொடுப்பது அப்படியே இருக்கிறது. அவரை மட்டும் குறை சொல்ல எனக்கு மனமில்லை. டாக்டருக்கு எண்ணூறு ரூபாய் கொடுப்பானேன் என்று கணக்குப் போட்டுத்தானே அங்கே போய் நிற்கிறோம்.

ஆகவே டியூபைத் திருப்புங்கள். பெயர் 'சோன்', 'லோன்', 'டாசால்' என்று முடிகிறதா பாருங்கள்: பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன், பெக்லோமெத்தசோன், ஃப்ளூசினோலோன், க்ளோபெட்டாசால். இதில் கடைசி ஆள் மகா வீரியம், முகத்துப் பக்கமே வரக் கூடாது. இவற்றில் எதையாவது ஏற்கெனவே மாதக்கணக்கில் பூசிக்கொண்டிருந்தால், இதைப் படித்த வேகத்தில் குப்பையில் எறிந்துவிடாதீர்கள். படிப்படியாக எப்படி இறக்குவது என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். சரியாகும், மாதங்கள் பிடிக்கும். அதுவரை உங்கள் சருமம் எந்த வகை என்ற கேள்வியே செல்லாது. நீங்கள் பார்த்துக்கொண்டிருப்பது உங்கள் தோலை இல்லை, மருந்தின் வேலையை.

பையன்கள், முகம் என்றதும் இது பெண்பிள்ளைகள் சமாச்சாரம் என்று தாண்டிப் போயிருப்பீர்கள். தொடையிடுக்கிலும் இடுப்பிலும் வட்ட வட்டமாக அரிக்கிறதே, அதற்கு என்ன வாங்கினீர்கள்? படர்தாமரை, இங்கே தாத் என்பார்கள். மழைக்காலத்தில் நனைந்த ஜீன்ஸோடு ஆபீஸில் உட்கார்ந்தால் வராமல் என்ன செய்யும். கடையில் கொடுக்கும் டியூபில் பூஞ்சை மருந்து, கிருமி மருந்து, கூடவே க்ளோபெட்டாசால் என்று மூன்று நான்கு சேர்ந்திருக்கும். இரண்டாம் நாளே அரிப்பு நின்றுவிடும். அழுகிற குழந்தைக்குப் பால் கொடுக்காமல் வாயைப் பொத்துவது மாதிரிதான் அது, ஸ்டீராய்டு அரிப்பை அடக்குமே தவிர உள்ளே பூஞ்சை பரவிக்கொண்டே இருக்கும். இந்தியாவில் இந்தப் பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் மருந்துக்கு அடங்காத படர்தாமரை பெருகியதற்கு இந்தக் கலவை டியூப்களும் ஒரு காரணம் என்று டாக்டர்கள் சொல்கிறார்கள். அந்தப் பூஞ்சைக்கு 2020-இல் ட்ரைக்கோஃபைட்டான் இண்டோட்டினியே என்று நம் நாட்டுப் பெயரையே வைத்துவிட்டார்கள். பெருமைப்பட ஒன்றுமில்லை. அறையில் ஒருவருக்கு வந்தால் துண்டு, படுக்கை விரிப்பு பங்கு போடாதீர்கள். முதுகிலும் மார்பிலும் வெளுத்துத் தெரியும் தேமல் வேறு கதை, அதற்குப் பெங்காலியில் சூலி. அது ஒன்றும் ஆபத்தில்லை, வெண்குஷ்டம் என்று பயந்து ராத்தூக்கம் கெடாதீர்கள்.

நிறத்தைப் பற்றிப் பேசாமல் இதை முடிக்க முடியாது, அந்தப் பையன் கேட்டதே "முகம் கறுத்துவிட்டது" என்றுதானே. ஆபீஸில் யாரோ விளையாட்டாகக் "காலோ" என்று சொன்னதும், கல்யாணப் பேச்சில் "பொண்ணு கொஞ்சம் மாநிறம்" என்று அத்தை இழுத்ததும் சேர்ந்து உங்களைக் கடை வாசலுக்குத் தள்ளுகின்றன. பெங்காலி வரன் விளம்பரத்தில் ஃபர்ஷா, நம்மூரில் நல்ல சிவப்பு, ஆக மொத்தம் ஒரே நோய்தான். 2009-இல் சென்னையிலிருந்து உமன் ஆஃப் வொர்த் அமைப்பு 'டார்க் இஸ் பியூட்டிஃபுல்' என்று இயக்கம் ஆரம்பித்தது, 2013-இல் நந்திதா தாஸ் அதற்கு முகம் கொடுத்தார். 2014-இல் விளம்பரத் தரக் குழுமம் கறுப்பை மட்டம் தட்டி விளம்பரம் எடுக்காதே என்றது. 2020-இல் ஃபேர் அண்ட் லவ்லி 'ஃபேரை' உதறி 'க்ளோ' ஆனது. பெயர் மாறியது, ஆசை மாறவில்லை. ஆசை பெயர் தெரியாத டப்பாக்களுக்கு இடம் மாறியதுதான் என் கவலை. அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 2014-இல் 32 வெளுப்பு க்ரீம்களைச் சோதித்தபோது 14-இல் பாதரசம் இருந்தது. 2023-இல் மலப்புரத்தில் சிலருக்குச் சிறுநீரகம் பழுதானபோது டாக்டர்கள் கடைசியில் பிடித்தது வெளுப்பு க்ரீமைத்தான். தயாரித்தவர் பெயரோ முகவரியோ இல்லாத, ஆன்லைனில் வரும் வெளிநாட்டு எழுத்து டப்பாவை யார் பரிசாகக் கொடுத்தாலும் திறக்காதீர்கள்.

ஃபிட்ஸ்பேட்ரிக் எண்ணில் நம்மவர்கள் பெரும்பாலும் நான்கு, ஐந்து, ஆறு. அவர் முதலில் வெள்ளைத் தோலுக்கு ஒன்று முதல் நான்கு வரைதான் போட்டார், ஐந்தும் ஆறும் பின்னால் சேர்த்தவை. பயனுள்ள கணக்குத்தான். நமக்கு வெயிலில் எளிதில் வெந்துபோகாது, தோல் புற்று அபாயம் குறைவு, சுருக்கம் தாமதமாக வரும். பதிலுக்கு, பருவோ கொசுக்கடியோ எது வந்து போனாலும் கறுப்புத் தழும்பை வைத்துவிட்டுப் போகும். ஆகவே நம் தோலைப் பராமரிப்பது என்றால் பாதி வேலை சீண்டாமல் இருப்பது. பருவைக் கிள்ளாதீர்கள், ஸ்க்ரப் போட்டுத் தேய்க்காதீர்கள், பூஜைக்கு முதல் வாரம் பார்லரில் ப்ளீச்சும் பீலும் சேர்த்துச் செய்யும் பேக்கேஜுக்குப் போகாதீர்கள்.

சன்ஸ்கிரீன் வேண்டுமா என்றால், பகலெல்லாம் ஆபீஸுக்குள் இருப்பவருக்கு நான் வற்புறுத்த மாட்டேன். மங்கு இருந்தால், பருத் தழும்பு கறுத்திருந்தால், சீல்டாவிலிருந்து நியூ டவுன் வரை பைக்கில் சுற்றுகிற வேலை என்றால் வேண்டும். எஸ்.பி.எஃப். 30 என்றால் பி வகைப் புற ஊதாக் கதிரில் 97 சதவீதம் தடுக்கும், 50 என்றால் 98. அந்த ஒரு சதவீதத்துக்கு இரட்டை விலை கொடுப்பதைவிட 30-ஐத் தாராளமாகப் பூசுவது லாபம். முகத்துக்கும் கழுத்துக்கும் சேர்த்து ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்குப் பிதுக்க வேண்டும். மங்கு உள்ளவர்கள் இரும்பு ஆக்சைடு கலந்த, தோல் நிறத்தில் இருக்கும் வகையாகப் பார்த்து வாங்குங்கள், கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமும் மங்கைக் கிளறும். குடை இதையெல்லாம்விட மலிவு, ஆனால் உங்கள் வயதில் குடை பிடிக்கச் சொன்னால் முறைக்கிறீர்கள்.

தோல் சொல்வதை நிதானமாகக் கேட்டால் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கும் இந்த ஊரிலேயே ஆள் இருந்தார். 1983-இல் கொல்கத்தா ஸ்கூல் ஆஃப் டிராபிகல் மெடிசினில் தோல் மருத்துவராக இருந்த க்ஷிதீஷ் சந்திர சாஹாவிடம் கிராமத்திலிருந்து வந்தவர்களுக்கு உடம்பெல்லாம் மழைத்துளி விழுந்த மாதிரிப் புள்ளிகள், உள்ளங்கையும் பாதமும் காய்ப்புக் காய்ப்பாக. அவர் களிம்பு எழுதிக் கொடுத்து அனுப்பியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். இது ஆர்செனிக் என்று கண்டுபிடித்து, ஆழ்குழாய்க் கிணற்றுத் தண்ணீர்வரை தடம் பிடித்துப் போனார். வங்காளத்து நிலத்தடி நீரில் ஆர்செனிக் இருப்பது வெளியே தெரிந்தது அப்படித்தான். உங்கள் பி.ஜி.யில் சமைக்க வரும் அக்காக்களில் வடக்கு 24 பர்கானாவிலிருந்து வருகிறவர்கள் உண்டு, அந்த மாவட்டமும் அதில் அடிபட்டது. யாராவது உள்ளங்கைக் காய்ப்பைக் காட்டி உங்களிடம் க்ரீம் கேட்டால், க்ரீம் வாங்கித் தராமல் டாக்டரிடம் அனுப்புங்கள்.

நீங்களும் போகலாம். தனியார் டாக்டருக்குக் காசில்லை என்றால், செக்டர் ஃபைவில் மெட்ரோ ஏறி சீல்டாவில் இறங்குங்கள், பக்கத்திலேயே என்.ஆர்.எஸ். மெடிக்கல் காலேஜ். தோல் பிரிவு புறநோயாளிச் சீட்டு சில்லறைக் காசுதான். காலையில் சீக்கிரம் போய் வரிசையில் நிற்க வேண்டும், அரை நாள் லீவு போட்டுவிடுங்கள். முகத்தில் எதுவும் பூசாமல் போங்கள். இதுவரை பூசியதெல்லாம், காலியான டியூப், கிழிந்த பெட்டி, அறைத்தோழி கொடுத்தது, பார்லரில் தந்த லேபிள் இல்லாத டப்பா, எதையும் வெட்கப்பட்டு ஒளிக்காமல் ஒரு பாலிதீன் பையில் போட்டு எடுத்துப் போங்கள். டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.

அன்புடன்,
உங்கள் ஆன்ட்டி
சால்ட் லேக், கொல்கத்தா